ஒச்சப்பன் பட்டாபட்டியில் பெரிய துப்பாக்கி

போடி கடைவீதியில டெய்லர் பவுன்ராசு பொய் பேசமாட்டான்னு ஒரு பேரு உண்டு. சட்டைய நாளைக்குத் தர்றேன்னு சொல்றதெல்லாம் அதுல சேராது, அது தொழில். அப்பேர்ப்பட்ட ஆளுக்குப் போய் இப்படி ஒரு அக்கா புருசன் வாச்சிருக்க வேண்டாம். ஒச்சப்பன்னு பேரு. அந்த மனுசன் வாயத் தொறந்தா பக்கத்துல நிக்கிறவன் காதப் பொத்திக்கிறதா, வயித்தப் பிடிச்சுக்கிறதான்னு தெரியாம முழிப்பான்.

ஒச்சப்பன் புனேயில ஒரு பிஸ்கட் கம்பெனியில வாட்ச்மேனா இருந்தாரு. கம்பெனிய இழுத்து மூடுனதும் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறோம் மாப்ள"ன்னு வந்து எறங்குனாரு. அந்த ரெண்டு நாள் இன்னும் முடியல. வீட்டுல இருக்கிறது ஒத்த ஃபேன், அது அவரு தலைக்கு மேல சுத்துது. டிவி ரிமோட்டு அவரு தலகாணிக்கு அடியில. கறி எடுத்தா நல்லி எலும்பு நேரா அவரு தட்டுக்கே போயிரும். பவுன்ராசு பொண்டாட்டி பாண்டீஸ்வரியும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தா. அன்னைக்குக் காலையில துணிமணிய பையில அடைச்சு வாசல்ல வச்சுட்டா.

"ஒன்னு உங்க மச்சான் கெளம்பணும், இல்ல நான் கெளம்பணும். யாருன்னு சாயங்காலத்துக்குள்ள முடிவு பண்ணிக்கங்க" அப்படின்னுட்டா.

பவுன்ராசுக்கு ஒரு வழி தோணுச்சு. ஏலக்காய் முதலாளி கொண்டல்சாமிக்கு மலை மேல எஸ்டேட்டு. சரக்கோட ஜீப்புல ஏறி எறங்கும்போது கூட வர்றதுக்குத் துப்பாக்கி தெரிஞ்ச ஆள் ஒன்னு தேடிக்கிட்டு இருந்தாரு. தங்குறதுக்கு எஸ்டேட்டுலயே வீடு, மூணு வேளையும் சாப்பாடு. இத விட்டா மச்சானை வெளிய அனுப்ப வேற வாசலே கெடையாது. முதலாளியத் தையக்கடைக்கு வரச் சொல்லிட்டு, மச்சான்கிட்டக் கையெடுத்துக் கும்புட்டான்.

"மச்சான், 'துப்பாக்கி தெரியும்'னு ரெண்டு வார்த்த சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதோட நிறுத்திக்கங்க."

"நான் என்னைக்கு மாப்ள ரெண்டு வார்த்தைக்கு மேல பேசிருக்கேன்?" அப்படின்னாரு ஒச்சப்பன். அதுவே புளுகு.

கொண்டல்சாமி வந்து ஸ்டூல்ல உக்காந்தாரு. பக்கத்து மேசையில இஸ்திரி போடுற சூசை, கரிப்பெட்டிய ஊதிக்கிட்டே காத இந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். ஒச்சப்பன் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்க, பவுன்ராசு இடுப்பளவு எடுத்தான்.

"துப்பாக்கி இருக்குன்னு ஒரு பயலுக்கும் தெரியக்கூடாது பவுன்ராசு," அப்படின்னாரு முதலாளி. "தெரிஞ்சா, அப்ப இவங்ககிட்ட என்னமோ இருக்குன்னு மோப்பம் பிடிச்சுருவான். அதனால வேட்டிக்குள்ள, பட்டாபட்டி பாக்கெட்டுல இருக்கட்டும். நல்ல ஆழமா ஒன்னு வச்சுக் குடு. கைக்கு அடக்கமா சின்னத் துப்பாக்கி ஒன்னு பாத்து வாங்கிக்கலாம். என்ன ஒச்சப்பன், துப்பாக்கி தெரியுமா?"

"தெரியும்" அப்படின்னாரு ஒச்சப்பன். பவுன்ராசு குலதெய்வத்தை நெனச்சுக்கிட்டான். ஒத்த வார்த்தையில முடிஞ்சுருச்சேன்னு மூச்சு விடப் போனான். அதுக்குள்ள, "ஆனா சின்னதுன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் தப்பு பண்றீங்க"ன்னு ஆரம்பிச்சுட்டாரு.

"சின்னக் குண்டு பட்டா களவாணிப் பய சொறிஞ்சுட்டுப் போயிருவான் முதலாளி. துப்பாக்கின்னா வாய் பெருசா இருக்கணும். நீங்க வாங்கவே வேணாம், என்கிட்டயே ஒன்னு இருக்கு. புனேயில சேட்டு கடையில வாங்குனது. குண்டு சைசு முப்பத்திரண்டுன்னு ஒன்னக் காட்டுனான். காது குடைய ஆகும், வேற எடுன்னேன். நாப்பத்தஞ்சக் காட்டுனான். இதுக்கு அண்ணன் இல்லையான்னு கேட்டேன். சேட்டு என்னைய மேலயும் கீழயும் பாத்தான். உள்ள போயி, நாலு ஆள வச்சுத் தூக்கிட்டு வந்தான்."

"நாலு பேரு தூக்குனத நீ எப்படிண்ணே பாக்கெட்டுல வச்ச?" அப்படின்னான் சூசை.

"பழக்கம்யா. ஒடனே ஒரே நாள்ல வைக்க முடியுமா? மொதல்ல அம்மிக்கல்ல வச்சுப் பழகுனேன்."

பவுன்ராசு மெல்லமா இருமுனான். முதலாளி முகத்துல இன்னும் சிரிப்பு வரல. இதோட விட்டாக்கூட வேலை கெடைச்சுரும். மச்சான் விடணுமே!

"வாங்குனா சுட்டுப் பாக்கணும்ல? கடைக்குப் பின்னாடி பொட்டல்ல நின்னு ஒரு போடு போட்டேன். குண்டு முன்னாடி போச்சு, நான் பின்னாடி போனேன். போறேன் போறேன், போய்க்கிட்டே இருக்கேன். ஒரு எடத்துல நின்னு போர்டப் பாத்தா, சோலாப்பூர்!"

"அடேயப்பா. திரும்பி எப்படிண்ணே வந்த, ரயிலா பஸ்ஸா?"

"காச எதுக்குய்யா வீணாக்கணும்? புனேக்கு முதுகக் காட்டித் திரும்பி நின்னு இன்னொரு தடவ சுட்டேன். சேட்டு கடை வாசல்லயே எறக்கி விட்டுருச்சு."

பவுன்ராசு அளவெடுக்கிறத அப்படியே போட்டுட்டு ஓடிப்போயி மிஷின்ல உக்காந்தான். துணிகூட வைக்காம சும்மாவே மிதிச்சான். கடகடன்னு அந்தச் சத்தத்துலயாவது மச்சான் பேச்சு அமுங்கிப் போகாதான்னு ஒரு நப்பாசை. ஒச்சப்பன் என்ன லேசுப்பட்டவரா? மிஷினுக்கு மேல தொண்டைய ஒசத்துனாரு. தெருவுல போனவனும் நின்னு கேட்டான்.

"வாங்குறது பெருசில்ல முதலாளி, மறைக்கிறதுதான் வித்தை. பாக்கெட்டுல வச்சுக்கிட்டு பஸ்ஸுல ஏறுனா பஸ்ஸு ஒரு பக்கமா சாயும். டிரைவர் எறங்கி வந்து டயரத் தட்டித் தட்டிப் பாப்பான். நான் ஒன்னும் தெரியாதவனாட்டம் ஜன்னல்ல வேடிக்கை பாப்பேன். ஒரு தடவ நீ வந்தா எதுத்தாப்புல ஒரு குண்டாளு உக்காரணும்னு கண்டக்டரு சொல்லிட்டான். அப்பவும் துப்பாக்கின்னு தெரியலயே அவனுக்கு! சாப்பாடு ஜாஸ்தி போலன்னு நெனச்சுட்டான்."

"அது நெசமாத்தான் இருக்கும்" அப்படின்னு மிஷினுக்குள்ள முணுமுணுத்தான் பவுன்ராசு.

"நம்ம மலையில யானை கெடக்கே ஒச்சப்பன்," அப்படின்னாரு முதலாளி. தாடையத் தடவிக்கிட்டே கேட்டாரு. அவரு தாடையத் தடவுனா சரக்குல கல்லு இருக்கான்னு பாக்குறாருன்னு அர்த்தம். போடியில எல்லாருக்கும் தெரியும், ஒச்சப்பனுக்குத்தான் தெரியாது.

"யானையா? போன வாரம் போடிமெட்டுல ஒத்த யானை ஒன்னு என்னைய வழிமறிச்சுச்சு. நான் சுடல. பாவம், வாயில்லாச் சீவன். வேட்டிய லேசா ஒதுக்கி, துப்பாக்கி வாயி மட்டும் தெரியிற மாதிரி காட்டுனேன். யானைக்குக் கைகால் ஆடிப்போச்சு. ஒளியிறதுக்கு எடம் தேடுது, பாறையில்ல, மரமில்ல. பயத்துல என்ன பண்றோம்னே தெரியாம, துப்பாக்கிக் கொழாய்க்குள்ளயே பூந்துருச்சு."

சூசை இஸ்திரிப் பெட்டிய சட்டை மேலயே வச்சுட்டு வாயப் பொளந்தான். சட்டை பொகஞ்சப்புறம்தான் எடுத்தான்.

"என்ன கூப்பிட்டும் வெளிய வர மாட்டேங்குது. பொழுது போகுதேன்னு அப்படியே பாக்கெட்டுல போட்டு வேட்டிய எறக்கி விட்டுக்கிட்டு பஸ்ஸேறி வந்துட்டேன். ஒரு குஞ்சுக்கும் தெரியல. வால் மட்டும் கொஞ்சம் வெளிய தொங்குச்சு. பின்னால நின்ன பெரியவரு ஒருத்தரு, 'தம்பி, நாடா தொங்குது, உள்ள சொருகிக்கப்பா'ன்னாரு. சொருகிக்கிட்டேன்."

மிஷின் நின்னு போச்சு. பவுன்ராசுக்குக் கால் ஓடல. போச்சு, எல்லாம் போச்சு. வாசல்ல இருக்கிற பை கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. முதலாளி ஸ்டூல முன்னால இழுத்துப் போட்டாரு.

"சரி ஒச்சப்பன். அந்தத் துப்பாக்கிய எடுங்க, ஒரு தடவ கண்ணால பாத்துக்கிறேன்."

"என்ன முதலாளி இப்படிக் கேட்டுப்புட்டீங்க! மறைச்சு வச்ச சாமானக் கேட்ட ஒடனே எடுத்து நீட்டுனா, அப்பறம் என்ன மறைக்கிறது?"

"என்கிட்ட நீட்டலாம்ல?" அப்படின்னு வாசல்ல ஒரு சத்தம். ஏட்டு குருவையா. காக்கி பேண்டுக்கு இடுப்பு பெருசு பண்ணக் குடுத்திருந்தாரு, வாங்க வந்தவரு, எவ்வளவு நேரமா நின்னு கேட்டாரோ. "நேத்து எலெக்‌ஷன் தேதி சொல்லியாச்சு. லைசென்ஸ் துப்பாக்கி எதுவா இருந்தாலும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். உங்ககிட்ட இருக்கிறது ரொம்பப் பெருசு போலத் தெரியுது. எடுங்கண்ணே."

ஒச்சப்பன் ரெண்டடி பின்னால போனாரு. ஆனா பாருங்க, அப்பவும் அந்த வாயி நிக்கல. "அதுதான் ஏட்டய்யா சிக்கலே. மறைக்கிறதுல நான் அவ்வளவு கெட்டிக்காரன். எங்க மறைச்சேன்னு எனக்கே பிடிபட மாட்டேங்குது."

"அதுக்கென்ன, நாங்க தேடிக்கிறோம். எந்த வீட்டுல தங்கியிருக்கீங்க?"

"நம்ம மாப்ள வீட்டுலதான்" அப்படின்னு பெருமையாக் கையக் காட்டுனாரு ஒச்சப்பன்.

கடையில இருந்த அத்தனை பேரும் பவுன்ராசுவப் பாத்தாங்க. "லைசென்ஸ் இல்லாம இருந்தா, வச்சிருந்தவரும் உள்ள, எடம் குடுத்தவரும் உள்ள" அப்படின்னாரு ஏட்டு, ரொம்பச் சாதாரணமா. போலீஸ் வந்து அரிசிப் பானையத் தட்டிப் பாக்கிறதையும், அதப் பாத்துக்கிட்டு பாண்டீஸ்வரி நிக்கிறதையும் நெனச்சான் பவுன்ராசு. அவன் நாக்குல என்னைக்கும் இல்லாத என்னமோ ஒன்னு வந்து உக்காந்துச்சு.

"தேட வேணாம் ஏட்டய்யா," அப்படின்னு எந்திரிச்சான். "துப்பாக்கி நெசந்தான், யானை நெசந்தான். நான்தான் என் கண்ணால பாத்தேனே. நேத்து எங்கக்கா பட்டாபட்டியத் துவைக்கும்போது பாக்கெட்டப் பாக்காம அப்படியே வாளியில போட்டு ஊற வச்சுட்டா. மட்டமான இரும்பு, தண்ணி பட்டதும் சுருங்கிப் போச்சு. நான் வந்து பிழிஞ்சு காயப் போட்டேன், இன்னும் சுருங்கிருச்சு. கடைசியில இம்புட்டுதான் மிஞ்சுச்சு." சட்டைக் காலர்ல குத்தி வச்சிருந்த தையல் ஊசிய உருவி ஏட்டு கையில குடுத்தான். "சூதானமாப் பிடிங்க, லோடு ஆகியிருக்கு. ஓட்டைக்குள்ள உத்துப் பாத்தீங்கன்னா யானை தெரியும்."

ஒச்சப்பனே அசந்து போயிட்டாரு. "மாப்ள!" அப்படின்னு கண்ணு கலங்கிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. முதலாளிக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொரை ஏறிருச்சு, சூசை ஓடிவந்து முதுகத் தட்டிவிட்டான்.

ஏட்டு மட்டும் சிரிக்கல. ஊசிய ஒத்தக் கண்ண மூடிப் பாத்தாரு. "ஆமா, தெரியுது. கொம்பன்தான்" அப்படின்னு தொப்பியில குத்திக்கிட்டாரு. பேண்டையும் வாங்கி அக்குள்ல வச்சுக்கிட்டாரு.

"ஆயுதம் வந்து சேந்துருச்சு. ஓட்டு எண்ணி முடிஞ்சதும் ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்கலாம்."

"அப்ப துப்பாக்கி திரும்பி வந்ததும் நீங்களும் வேலைக்கு வாங்க ஒச்சப்பன், அவசரமில்ல" அப்படின்னாரு முதலாளி, கண்ணத் தொடச்சுக்கிட்டே.

"அதுக்கு முந்தி அவரு எங்கயும் போக முடியாதுங்க" அப்படின்னாரு ஏட்டு. "இம்புட்டுப் பெரிய ஆயுதம் வச்சிருந்த ஆளு. ரிசல்ட்டு வர்ற வரைக்கும் சொன்ன விலாசத்துலயே இருக்கணும், ராத்திரிகூட வேற வீட்டுல படுக்கக்கூடாது. பொறுப்பு நீங்கதான் பவுன்ராசு."

பவுன்ராசு அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டான். ஒச்சப்பன் செல்லை எடுத்துப் பொண்டாட்டிக்குப் போட்டாரு.

"ஏய், சர்க்காரே சொல்லிருச்சு, நாம எங்கயும் போகலையாம். அந்த வாசல்ல கெடக்கிற பை யாரோடதுன்னு பாத்து உள்ள எடுத்து வையி. மாப்ள வரும்போது அப்படியே ஒரு கிலோ கறி எடுத்துட்டு வர்றாப்ல."