முங்காத கிண்ணம்

குடத்தை நகத்தாத ஹரிணி, வெச்ச இடத்துலயே இருக்கட்டும். நமக்கு முன்னாடி பதினோரு குடம்தான் இருக்கு, நான் ரெண்டு தடவை எண்ணிட்டேன். தண்ணி லாரி இப்ப வந்துரும், இல்ல இன்னும் அரை மணி நேரம் ஆகும், யாரு கண்டா. நீயும் தங்கச்சியும் அந்தக் கல்லு மேல ஒக்காருங்க. நான் நிக்கிறேன். பெரியம்மாவுக்குக் காலுல சக்கரம்னு உங்க அம்மா கேலி பண்ணுவால்ல, உள்ளதுதான், எனக்கு ஒக்கார வராது. ஒரு கதை சொல்றேன், உங்க வயசுல எங்க அம்மாகிட்ட கேட்டது. ரெண்டு பேரும் ம் கொட்டணும். கொட்டலேன்னா நான் பாட்டுக்குத் தெருமுனைக்குப் போய் லாரி வருதான்னு பாப்பேன்.

ஒரு ஊர்ல, கண்மாய் பெருசு, தண்ணி சின்னதுன்னு ஒரு ஊர்ல, ஏழு வீட்டுக்காரங்க இருந்தாங்களாம். ஏழு வீட்டுக்கும் ஏழு வயலு. அந்த வருஷம் மழை பொய்ச்சுப் போச்சு, கண்மாயில கெடந்தது கொஞ்சத் தண்ணி, அதை முறை போட்டுப் பாய்ச்சணும். அப்பல்லாம் கடிகாரம் ஏது? அதுக்கு ஒரு செம்புக் கிண்ணம் வெச்சிருந்தாங்க. கிண்ணத்தோட அடியில ஊசி நுழையற அளவுக்கு ஒரு துளை. மடைக்குப் பக்கத்துல ஒரு அண்டா நிறையத் தண்ணி வெச்சு, அதுல கிண்ணத்தை மிதக்க விடுவாங்க. துளை வழியா தண்ணி கசிஞ்சு கசிஞ்சு ஏறும், கிண்ணம் நெறைஞ்சதும் டொபுக்குனு முங்கிரும். முங்குச்சுன்னா ஒரு வீட்டு முறை முடிஞ்சுது, அடுத்த வீட்டுக்காரன் வாய்க்காலைத் தன் வயலுக்குத் திருப்பிக்கணும். பொழுது கெளம்பையில மடையைத் திறந்து, பொழுது சாயையில அடைச்சுருவாங்க. ஒரு பகலுக்கு ஏழு முங்கல், ஏழு வீடு. அவ்வளவுதான் ஏற்பாடு, நல்லா இருக்கா? நல்ல ஏற்பாடுதான், மனுஷன் கை படாத வரைக்கும்.

மொத முறை சடையப்பருக்கு. அவருதான் ஊருக்குப் பெரிய ஆளு, கிண்ணமும் அவரு வீட்டுலதான் இருக்கும். ஆளு எப்படின்னா, வீட்டுலேர்ந்து மடைக்குக் கூப்பிடு தூரம்தான், அதுக்கே கூண்டு வண்டி பூட்டச் சொல்லுவாரு. தரையில கால் வெச்சுப் பத்தடி நடந்து யாரும் பாத்ததில்லையாம்.

கடைசி முறை குருவம்மாவுக்கு. புருஷன் செத்துப் போயிட்டான், ரெண்டு பொட்டப்புள்ளைங்க, கடைமடையில ஒரே ஒரு துண்டு வயலு. அதுல வெளையிறதுதான் மூணு வயித்துக்கும் வருஷம் பூராக் கஞ்சி. அவளுக்கும் என்னை மாதிரியே ஒரு எடத்துல இருப்புக் கொள்ளாது. நாத்து நடறவங்க கஞ்சி குடிக்க ஒக்காந்தா இவ நின்னுக்கிட்டே குடிப்பா. முறை வர்ற வரைக்கும் மத்தவங்க மடைக்கிட்ட வேப்ப மரத்தடியில சாஞ்சு கெடப்பாங்க, இவ மட்டும் மடையிலேர்ந்து அய்யனாரு கோயிலுக்கு நடப்பா, திரும்பி வருவா, மறுபடி நடப்பா. பைத்தியம் கெளம்பிருச்சுடான்னு சிரிப்பாங்க. அவளும் சிரிச்சுக்கிட்டே நடப்பா.

ம் சொல்லுங்க. ஆங், அப்படி.

மார்கழி மாசம், கதிரு பால் பிடிக்கிற நேரம். அப்பத் தண்ணி இல்லேன்னா நெல்லு எல்லாம் பதராப் போயிரும், வெறும் உமி. அந்த நேரம் பாத்து, ஒரு நாள் குருவம்மா முறை வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சு மடையை அடைச்சுட்டாங்க. சரி, இன்னிக்கு ஏதோ பிந்திப் போச்சுன்னு வீட்டுக்குப் போனா. மறுநாளும் அடைச்சுட்டாங்க. மூணாம் நாளும் அடைச்சுட்டாங்க. வயலுல போய்ப் பாத்தா மண்ணு வெடிச்சு வெரலு நுழையுது.

என்னடா இதுன்னு நாலாம் நாள் நடக்கையில எண்ண ஆரம்பிச்சா. அய்யனாரு கோயிலுக்குப் போயிட்டு வந்தா ஒரு நடை. ரெண்டாவது வீட்டு முறைக்குக் கிண்ணம் முங்க எத்தனை நடை? மூணு நடை. மூணாவது வீட்டுக்கு? மூணு நடை. நாலு, அஞ்சு, ஆறு எல்லாத்துக்கும் மூணு மூணு நடை. மறுநாள் விடியையில வந்து சடையப்பரு முறைக்கு நடந்தா. ஒண்ணு, ரெண்டு, மூணு, கிண்ணம் மிதக்குது. நாலு, அஞ்சு, ஆறு, அப்பத்தான் டொபுக்கு. அட பாவி மனுஷான்னு நின்னுட்டா. அந்தக் கூடுதல் மூணு நடை யாரோடது? அவளோடது.

நேரா மரத்தடிக்குப் போய் அஞ்சு வீட்டுக்காரங்ககிட்டயும் சொன்னா. "அண்ணே, உங்களுக்கெல்லாம் மூணு நடையில முங்குது, சடையப்பரு ஐயாவுக்கு ஆறு நடையாகுது. என் முறையை அந்தக் கிண்ணம் முழுங்குது."

அவங்களுக்கு என்ன, கொஞ்சம் பிந்தினாலும் அவங்க வயலுக்குத் தண்ணி வந்துருதுல்ல? "எங்களுக்கு எதுக்கும்மா பெரிய எடத்து வம்பு"ன்னு துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டாங்க. எனக்கு சடையப்பரு மேலகூட இவ்வளவு கோவம் வராது, அந்த அஞ்சு பேரு மேலதான் வரும். சின்னப் பிள்ளையில இந்த எடம் வந்தா எங்க அம்மா வாயைப் பொத்துவேன், இதைச் சொல்லாதன்னு.

அப்புறம் சடையப்பருகிட்டயே போனா. அவரு வண்டிக்குள்ள இருந்துக்கிட்டே, "ஏ குருவம்மா, மார்கழிப் பொழுது, வெரசா சாயுது, நான் என்ன சூரியனைக் கட்டியா வெச்சிருக்கேன்? உன் காலுதான் ஒரு எடத்துல நிக்காதே, அந்தக் காலு சொல்ற கணக்கை ஊரு நம்பணுமாக்கும்"னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அன்னிக்கு மட்டும் அவ சிரிக்கல.

மூணாவதா, ராஜாகிட்டயே போறதுன்னு கெளம்பிட்டா.

ஏய், எந்திரிக்காத, அது லாரிச் சத்தம் இல்ல, எங்கேயோ மாவு மில்லு ஓடுது. ஒக்காரு.

அந்த ராஜா எப்படிப்பட்ட ராஜான்னா, அவருக்கும் ஒக்கார வராது. சிம்மாசனத்துல பூனை குட்டி போட்டு வளக்குது, இவரு தாழ்வாரத்துல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டே இருப்பாரு. மந்திரிங்க பின்னாடியே ஓடி ஓடி எளைச்சுப் போயிட்டாங்க. நியாயம் கேட்டு வர்றவங்க கால்ல விழுந்து எந்திரிச்சுப் பாத்தா ராஜா அந்தக் கோடியில இருப்பாரு. யாரு கதையையும் முழுசாக் கேட்டதே இல்ல. குருவம்மா விழவே இல்ல. கும்பிட்ட கையோட அவரு கூடவே நடந்தா, நடந்துக்கிட்டே சொன்னா. கிண்ணத்தைச் சொன்னா, மூணு நடையைச் சொன்னா, ஆறு நடையைச் சொன்னா, வெடிச்சுக் கெடக்குற வயலைச் சொன்னா.

கடைசியில ராஜா கேட்டாரு, "ஏன் தாயி, உனக்குக் காலு வலிக்கலையா?"

"நின்னாத்தான் வலிக்கும் சாமி."

"எனக்கும் அப்படித்தான்"ன்னாரு ராஜா. "அந்தக் கூடுதல் நடை ஏன் ஆகுது, என்ன திருட்டுன்னு தெரியுமா?"

"அது தெரியாது சாமி. நடந்தது தெரியும், எண்ணுனது தெரியும்."

"போதும், நாளைக்கு வாரேன்"னுட்டாரு.

மறுநாள் பொழுது கெளம்பையில ராஜா மடைக்கு வந்துட்டாரு, குதிரையைப் பின்னாடி யாரோ பிடிச்சுட்டு வர்றான், இவரு நடந்து வர்றாரு. ஊரே கூடிருச்சு. சடையப்பரு பட்டு வேட்டி கட்டிக்கிட்டு, கிண்ணத்தைத் துண்டுல பொதிஞ்சு எடுத்துக்கிட்டு வந்தாரு. ராஜா என்ன சொன்னாருங்கிறீங்க? "சடையப்பரே, இன்னிக்கு மொத முறை உங்களுது. கிண்ணம் தானா முங்குற வரைக்கும் உங்க முறைதான். நடுவுல எவனும் கிண்ணத்தைத் தொடக் கூடாது, எவனும் மடையைத் தொடக் கூடாது. இது என் ஆணை."

ராஜாவும் பெரிய எடத்துப் பக்கம்தானான்னு குருவம்மாவுக்குக் கண்ணு கலங்குச்சு. சடையப்பருக்கோ வாயெல்லாம் பல்லு. அவரு செய்யிற வேலை என்னன்னா, முறை தொடங்கும்போது கிண்ணத்தைத் தொடைக்கிற மாதிரித் தொடைச்சு, நகத்துல வெச்சிருக்கிற தேன்மெழுகை அந்தத் துளையில லேசாத் தேய்ச்சு விட்டுருவாரு. பாதித் துளை அடைஞ்சுரும், தண்ணி மெதுவா ஏறும். தன் முறை முடிஞ்சதும் மறுபடி தொடைக்கிற மாதிரி ஒரு கருவேல முள்ளால மெழுகை எடுத்துருவாரு. யாரு கண்ணுக்கும் படாது. அன்னிக்கு ராஜாவே சொல்லிட்டாருன்னதும் ஆசை யாரை விட்டது, துளையை முழுசாவே அடைச்சுட்டாரு. இன்னிக்குப் பூரா நம்ம வயலுக்குத்தான்னு நெனைச்சுக்கிட்டு கிண்ணத்தை அண்டாவுல விட்டாரு. பக்கத்துல ராஜாவோட காவக்காரன் ஈட்டியோட நின்னுக்கிட்டான்.

அப்ப ராஜா, "எனக்குச் சும்மா நிக்க ஆகாது. இந்தம்மாவுக்கும் ஆகாதாம். வாங்க சடையப்பரே, கிண்ணம் முங்குற வரைக்கும் மூணு பேரும் அய்யனாரு கோயிலுக்கு நடப்போம்"னாரு.

"வண்டி இருக்குதுங்களே."

"நான் நடக்கையில நீங்க வண்டியிலயா?"

என்ன செய்வாரு, நடந்தாரு. ஒரு நடை போனாங்க, வந்தாங்க, கிண்ணம் மிதக்குது. ரெண்டாவது நடை, சடையப்பருக்குப் பட்டு வேட்டி வேர்வையில நனைஞ்சு போச்சு. மூணாவது நடை முடிஞ்சதும் குருவம்மா அண்டாவை எட்டிப் பாத்து, "சாமி, இது எங்க வீட்டு முறையா இருந்தா கிண்ணம் இப்ப முங்கியிருக்கும்"னா. ராஜா திரும்பி நடந்தாரு. நாலு, அஞ்சு, ஆறு. சடையப்பருக்குக் குதிங்கால்ல கொப்புளம், கம்பை ஊணிக்கிட்டு வர்றாரு. குருவம்மா மறுபடி எட்டிப் பாத்து, "மத்த நாள்ல ஐயா முறையா இருந்தாக்கூட இப்ப முங்கியிருக்கும்"னா. அந்த அஞ்சு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்குறாங்க. இப்ப அவங்க முறையும்ல போகுது.

ஏழு, எட்டு. அப்ப சடையப்பரோட பண்ணையாளு வயலுலேர்ந்து ஓடி வர்றான். "ஐயா, வரப்பு ஒடையுது, கதிரெல்லாம் தண்ணிக்குள்ள சாயுது, மடையை அடைக்கட்டுமா?"

சடையப்பரு வாயைத் திறக்குறதுக்குள்ள ராஜா சொன்னாரு, "எப்படிப்பா அடைக்கிறது? கிண்ணம் முங்கலையே, இன்னும் உங்க ஐயா முறைதானே. வாங்க சடையப்பரே, நடப்போம்."

ஒன்பதாவது நடையில பாதி வழி கூடப் போகல. மனுஷன் வரப்புலயே ஒக்காந்துட்டாரு. ஒரு பக்கம் காலு போகுது, ஒரு பக்கம் கதிரு போகுது. "மவராசா, அது முங்காது. நாளைக்கும் முங்காது. நான்தான் மெழுகு வெச்சு அடைச்சேன்"னு அழுதாரு.

நாலு பேரு அவரைத் தூக்கிட்டு வந்து அண்டாகிட்ட விட்டாங்க. இடுப்பு மடியை அவுத்து முள்ளை எடுத்தாரு, மெழுகைக் குத்தி எடுத்து, கிண்ணத்தைத் தண்ணியில அமுக்கினாரு. டொபுக்கு.

ராஜா அந்த முள்ளையே பாத்துக்கிட்டு நின்னாரு. அவரு நின்னதை அன்னிக்குத்தான் எல்லாரும் பாத்தாங்க. "இத்தனை நாளா இது மடியிலயே இருந்துச்சா சடையப்பரே?"ன்னு கேட்டாரு.

தீர்ப்பு என்னன்னா, மொத முறை குருவம்மாவுக்கு, கடைசி முறை சடையப்பருக்கு. அப்புறம் இன்னொண்ணு. மார்கழி முடியிற வரைக்கும், கடைசி முறையில கிண்ணம் மிதக்குற நேரம் பூரா சடையப்பரு நடக்கணும். மெழுகு வெச்சா அதிகமா நடக்கணும், வெக்கலேன்னா கொறைச்சு நடக்கலாம், அவரு இஷ்டம்.

அன்னிக்கே வாய்க்காலைக் கடைமடைக்குத் திருப்பினாங்க. தண்ணி வெடிப்புக்குள்ள எறங்குற சத்தம் கேட்டுச்சாம், சொர்ருன்னு. குருவம்மா வரப்புல ஒக்காந்து அதைக் கேட்டாளாம். ஆமாடி, ஒக்காந்தா. ஒரே ஒரு நாள்.

நான் எங்க அம்மாகிட்ட கேட்டேன், அதுக்கப்புறம் ஒக்காந்தே இருந்தாளாம்மான்னு. அம்மா வைக்கோலை ஒதறிக்கிட்டே சொன்னா, "எப்படிடி இருப்பா? மறுநாளும் கிண்ணத்தை மிதக்க விடுவாங்கல்ல?" அன்னிலேர்ந்து எனக்கும் இருப்பு இல்ல. ரேஷன் கடையில தராசு முள்ளைப் பாக்குறேன், பஸ்ஸுல ஸ்டாப்பை எண்ணுறேன், இங்க குடத்தை எண்ணுறேன். உங்க பெரியப்பா திட்டுறாரு, திட்டட்டும்.

அந்தா, லாரி திரும்பிருச்சு. கிண்ணம் முங்குச்சு, கதையும் முங்குச்சு, ம் கொட்டுனவங்க எந்திரிங்க. ஹரிணி, குடத்தைத் தூக்கு. நமக்கு முன்னாடி எத்தனை குடம்னு சொன்னேன்? பதினொண்ணு. இப்ப எண்ணு.

பதிமூணா? சரி, நீ நம்ம குடத்தைப் பாத்துக்க. நான் முன்னாடி போய் ஒரு நடை நடந்துட்டு வாரேன்.