குதிரை மேல் விழுந்த பழி

ஒரு ஊரில் ஒரு சதுரங்கக் கழகம் இருந்தது. கல்யாண மண்டபத்து மாடியில் ஓர் அறை, நாலு மேசை, ஒரு பீரோ. உறுப்பினர்கள் எல்லோரும் மிக நன்றாக ஆடுவார்கள். இதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அவர்களில் இருவர் பெரும் ஆட்டக்காரர்கள். ஒருவர் பெயின்ட் கடை இசக்கிமுத்து. மற்றவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற இக்னேசியஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் உட்காருவார்கள். ஆட்டம் அரை மணியில் முடிந்துவிடும். அதன்பின் ஆட்டத்தை ஆராய்வார்கள். அது சாயங்காலம் வரை போகும். தோற்றவர், தான் எப்படி ஜெயித்திருக்க வேண்டும் என்று விளக்குவார். ஜெயித்தவர், அதெல்லாம் தனக்கு அப்போதே தெரியும் என்பார்.

அந்த வருஷம் கழகத்தின் சாம்பியன் யார் என்று தீர்க்கிற ஆட்டம் வந்தது. இசக்கிமுத்துவுக்கு வெள்ளைக் காய்கள்.

ஆட்டத்தின் நடுவே ஒரு வெள்ளைச் சிப்பாய், யாரும் திட்டமிடாமலே, எதிரியின் கடைசி வரிசைக்கு ஒரு கட்டம் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. முன்னால் கட்டம் காலி. கறுப்பு ராஜா தன் ஆட்களுக்கு நடுவிலேயே அடைபட்டு நின்றான். இன்னும் ஒரே ஒரு அடி. சிப்பாய் ராணியாகிவிடும், ஆட்டமும் அதோடு முடிந்துவிடும். தூக்கி வைக்கப்போகும் கைக்காகச் சிப்பாய் காத்து நின்றது.

இசக்கிமுத்துவின் கை வந்தது. சிப்பாயின் தலைக்கு மேலாகப் போய், குதிரையைத் தூக்கி, பலகையின் ஓரத்தில் வைத்தது.

"ம்!" என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

இக்னேசியஸ் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். சிப்பாயை அவரும் பார்க்கவில்லை. வேறு எதையோ நகர்த்தினார். மறுபடி கை வந்தது. மறுபடியும் குதிரை. கடைசியில் இக்னேசியஸின் யானை வேறு ஏதோ வேலையாகப் போகிற வழியில் சிப்பாயை வெட்டிவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் வெள்ளை ராஜா விழுந்தான்.

ஆராய்ச்சி தொடங்கியது.

"எல்லாம் இந்தக் குதிரையால வந்த வினை வே," என்றார் இசக்கிமுத்து. "ஓரத்துல போயி நின்னுட்டுல்லா! இது மட்டும் அங்க போகாம இருந்திருந்தா இன்னைக்கு நீரு காலி."

"அது அங்க போகும்னு நான் முதல்லயே பாத்துட்டேன் அண்ணாச்சி," என்றார் இக்னேசியஸ்.

கழகத்தின் செயலாளர் ஆவுடையம்மாள் பக்கத்தில் நின்றிருந்தார். "குதிரை எங்க அண்ணாச்சி போச்சு? நீங்கதானே வச்சீங்க?" என்று கேட்டார்.

"வைக்கது வேற, போறது வேற மேடம்," என்றார் இசக்கிமுத்து பொறுமையாக. "உங்களுக்கு இதெல்லாம் ஆடி ஆடித்தான் புரியும்."

காய்களைப் பெட்டியில் போட்டு பீரோவில் வைத்தார்கள். உள்ளே வெள்ளை ராஜா விசாரணையைக் கூட்டினான்.

"நாம் விழுந்ததற்கு யார் காரணம்?"

"குதிரை என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. எனவே விசாரணையைத் தொடங்கலாம்," என்றார் மந்திரி.

"ஆட்டம் முழுக்க நான் என் மூலையை விட்டு அசையவே இல்லை," என்றது யானை. "ஆகவே என்மேல் எந்தக் குற்றமும் கிடையாது." எல்லோரும் யானையைப் பாராட்டினார்கள்.

குதிரை அழுதது. "பிறந்ததிலிருந்து நான் ஒரு கட்டமாவது சொந்தக் காலில் நடந்திருக்கிறேனா? தூக்கி வைத்த இடத்தில் நின்றேன்."

"மகாராஜா," என்றது சிப்பாய். "ஒரு அடிதான் பாக்கி இருந்தது. என்னைத் தொட்டிருந்தால் நாம் ஜெயித்திருப்போம். யாரும் தொடவில்லை."

"ஒரு அடிதானே? நீயே நடந்திருக்க வேண்டியதுதானே!"

"நம்மால் நடக்க முடியாதே, மகாராஜா."

"முடியாதென்றால் எதற்குப் பேசுகிறாய்?"

"குதிரையாலும் முடியாதுதானே?"

ராஜா மந்திரியைப் பார்த்தான். மந்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சிப்பாய்கள் கேள்வி கேட்க அனுமதி இல்லை," என்றார். விசாரணை இனிதே முடிந்தது.

அடுத்த ஞாயிறு இசக்கிமுத்து முதல் வேலையாக அந்தக் குதிரையை எடுத்து, காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு அடியில் செருகினார். அதன் இடத்தில் ஒரு சோடா பாட்டில் மூடியை வைத்தார். எல்லோரும் தன்னைக் குதிரை என்று அழைப்பதைக் கேட்டு மூடி நிமிர்ந்து நின்றது.

அன்றைக்கு ஆவுடையம்மாள் வீட்டிலிருந்து ஒரு பழைய லேப்டாப் கொண்டுவந்திருந்தார். செஸ் ஆட்டங்களை அலசிச் சொல்லும் லேப்டாப் அது. "போன வாரத்து ஆட்டத்தை இதுகிட்டக் கேப்போம். தப்பு எதுன்னு தெரிஞ்சிரும்," என்றார்.

"கேளுங்க. குதிரைதான்னு சொல்லும் பாருங்க," என்றார் இசக்கிமுத்து. ஆட்டம் முழுவதையும் இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள்.

லேப்டாப் இருமல் மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சொன்னது: "குதிரையை நகர்த்தியதற்குப் பதில் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தியிருந்தால் உடனே செக்மேட். வெள்ளை இதைக் கவனிக்கவில்லை."

எல்லோரும் இசக்கிமுத்துவைப் பார்த்தார்கள்.

"அது எனக்குத் தெரியும்," என்றார் இக்னேசியஸ். "அண்ணாச்சி பாக்காரான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"எனக்கும் தெரியும் வே," என்றார் இசக்கிமுத்து. "சிப்பாயை வச்சு ஜெயிக்கதெல்லாம் ஒரு ஜெயிப்பா?"

எங்கே நிறுத்த வேண்டும் என்று லேப்டாப்புக்குத் தெரியவில்லை. "கறுப்பும் கவனிக்கவில்லை," என்றது. "கவனித்திருந்தால் சிப்பாயை முன்பே வெட்டியிருக்கலாம். பொதுவாக இருவருமே எதிரில் இருப்பதைப் பார்ப்பதில்லை."

பல வருஷங்களில் முதல் முறையாக இசக்கிமுத்துவும் இக்னேசியஸும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அந்த லேப்டாப்புக்கு அனுபவம் போதாது.

"ஒரு நாளாவது இது மனுஷனுக்கு எதிர்ல உக்காந்து ஆடியிருக்கா?" என்று கேட்டார் இக்னேசியஸ்.

"பீரோவுல போடுங்க மேடம். பழைய இரும்புக்காரன் வந்தா தூக்கிக் குடுத்திருவோம்," என்றார் இசக்கிமுத்து.

பீரோவுக்குள் சிப்பாய் பெட்டியின் இடுக்கு வழியாகக் கூப்பிட்டது. "ஐயா, ரொம்ப நன்றி. இத்தனை நாளில் உண்மையைச் சொன்னது நீங்கள் ஒருவர்தான்."

"அது இருக்கட்டும். பழைய இரும்புக்காரன் என்றால் யார்?" என்று கேட்டது லேப்டாப்.

சிப்பாய் விளக்கியது. சுத்தியல், தராசு, சாக்கு எல்லாவற்றையும் சொன்னது.

கண்மூடித் திறப்பதற்குள் லட்சக்கணக்கான நகர்த்தல்களைக் கணக்குப் போடக்கூடியது லேப்டாப். இந்த ஒரே நகர்த்தலுக்கு அந்த வாரம் முழுவதும் யோசித்தது.

ஞாயிறு வந்தது. பாட்டில் மூடியோடு இசக்கிமுத்து மறுபடி ஆடினார். நடுவில் தன் ராணியை வெட்டு வாங்கும் இடத்தில் வைத்துவிட்டார். இக்னேசியஸ் அதைப் பார்க்கவில்லை. பிறகு இக்னேசியஸ் தன் ராணியை அப்படியே வைத்தார். இசக்கிமுத்து அதைப் பார்க்கவில்லை. கடைசியில் யாரோ ஒருவர் தோற்க வேண்டுமே என்று இசக்கிமுத்து தோற்றார்.

"இன்னொரு தடவை லேப்டாப்புகிட்டக் கேட்டுப் பாப்போமே," என்றார் ஆவுடையம்மாள். "சரியா வரலேன்னா இரும்புக்காரன் கீழதான் நிக்கான்."

லேப்டாப் மேசைக்கு வந்தது. இந்த ஆட்டத்தையும் இருவரும் அதனிடம் சொன்னார்கள். இந்த முறை இருமவில்லை.

"மிக உயர்ந்த ஆட்டம்," என்றது. "வெள்ளையின் சிந்தனை ஆழமானது. அதைக் கறுப்பு முன்கூட்டியே கண்டுகொண்டது. ராணிகளை அப்படி வைத்த துணிச்சல் எல்லோருக்கும் வராது. குறை என்று ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால், காரணம் அந்தக் குதிரைதான்."

"ஐயா, அது ஆடவே இல்லையே!" என்று பலகையிலிருந்து சிப்பாய் கத்தியது. "கதவுக்கு அடியில் கிடக்கிறதே!"

லேப்டாப் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "அங்கே இருந்தபடியே கெடுத்திருக்கிறது," என்றது.

இசக்கிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து, திரையில் இருந்த தூசியை மெதுவாகத் துடைத்துவிட்டார்.

"பாத்தீரா வே," என்றார் இக்னேசியஸிடம். "இப்பத்தான் இதுக்குச் செஸ்ஸே புரிய ஆரம்பிச்சிருக்கு."