சுவரைப் பார்த்த நாற்காலி

சண்முகவடிவுக்குக் கழுத்திலிருந்து வலது தோள்பட்டை வரை தீயாய் எரிந்தது. வலியைவிடக் கோபம் அதிகம். தையல் கற்றுக்கொடுத்த செல்வராணி டீச்சர் தன்னைவிட இளையவள் என்பதுகூட இன்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

டீச்சர் சொன்னதில் வடிவு எதை விட்டாள்? ஊசிக்கு எதிரேதான் நாற்காலி போட்டாள். கூன் போடவில்லை. பாபின் நூல் தீரும்போதெல்லாம் எழுந்து கையை உதறினாள். அப்படியும் காலையில் தலை வாரக் கை மேலே எழவில்லை. புருஷன் இல்லாத வீட்டில் அடுப்பு எரிவதே அந்தக் கையால்தான்.

கத்தரிக்கோலை மேஜையில் வீசினாள்.

"நீங்க சொன்னதெல்லாம் செஞ்சாச்சு டீச்சர். வலி போகலை. உங்க பாடமே தப்பு."

தையற்கூடத்தில் மற்ற மிஷின்களெல்லாம் நின்றன. இடப்பக்கத்து மிஷினில் முத்துக்கனி மட்டும் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். வடிவின் கொழுந்தன் பெண்டாட்டி. வடிவின் அம்மா செத்தபோது, கல்யாண ரவிக்கை தைத்துக் கொடுக்கிற அவசரம் என்று துக்கத்துக்கு வராமல் இருந்துவிட்டவள். அன்றோடு இருவருக்கும் பேச்சு இல்லை. வேறு மிஷின் தருகிறேன் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தாள். அவளுக்காக நான் ஏன் இடம் மாற வேண்டும் என்று வடிவு ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

செல்வராணி வடிவை எழுந்திருக்கச் சொன்னாள். வடிவின் நாற்காலியை நகர்த்தாமல், அது கிடந்தபடியே அதில் உட்கார்ந்தாள். ஒரு பாவாடையை முழுக்கத் தைத்தாள். பிறகு தன் கழுத்தை அழுத்திப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"அக்கா, என் முட்டி எங்க பார்க்குதுன்னு பாருங்க."

வடிவு பார்த்தாள். முட்டி வலப்பக்கச் சுவரைப் பார்த்திருந்தது. முகம் மட்டும் ஊசிக்குத் திரும்பியிருந்தது. நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டது வேறு யாருமில்லை, அவளேதான். முத்துக்கனிக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்று தினமும் அப்படித்தான் போட்டாள்.

"அவளைப் பார்த்தா வயிறு எரியுது," என்றாள். "எங்கம்மா முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்க வராதவ. அதை மறக்கச் சொல்லுதீங்களா?"

முத்துக்கனியின் மிஷினும் நின்றது.

செல்வராணி எழுந்து நாற்காலியை மிஷினுக்கு நேராக இழுத்துப் போட்டாள்.

"மறக்க வேண்டாம்க்கா. நேரா உட்கார்ந்து கோபப்படுங்க. அவ கழுத்து நல்லாத்தான் இருக்கு."