அணையாக் கங்கும் புளித்த மாவும்

உங்கள் வீட்டில் பால் எத்தனை மணிக்குத் திரிகிறது? சிரிக்காதீர்கள். ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், வெண்பாறை நாட்டில், தெருவில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் "சாப்பிட்டாச்சா" என்று கேட்க மாட்டார்கள். "பால் திரிஞ்சாச்சா" என்றுதான் கேட்பார்கள். அவ்வளவு சூடு.

அந்தச் சூடு எப்படி வந்தது தெரியுமா? கங்குமாயன் என்று ஒரு மந்திரவாதி இருந்தான். பூமிக்கு அடியில் ஆழத்தில் தூங்கிக்கொண்டிருந்த கருங்கல் மாதிரிக் கெட்டியான கரியைத் தோண்டி எடுத்து, மந்திரம் சொல்லிக் கொளுத்தி, வீட்டுக்கு ஒரு மண்சட்டியில் ஒரு கைப்பிடிக் கங்கு கொடுத்தான். விறகு வேண்டாம், ஊதவும் வேண்டாம். தண்ணீரை ஊற்றினாலும் புஸ்ஸென்று ஆவி போகுமே தவிர, கங்கு பழையபடி கண் சிமிட்டும். விறகு சுமந்து தோள் காய்த்துப்போன பெண்கள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "பிடிக்கலேன்னா சட்டியை எப்போ வேணும்னாலும் திருப்பிக் கொடுங்க. வாங்க மாட்டேன்னு நான் சொன்னா, அந்த நிமிஷமே என் மந்திரம் என்னை விட்டுப் போகட்டும்" என்று சத்தியம் வேறு செய்தான். யார் திருப்பித் தரப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

தனக்கென்று ஊருக்கு வெளியே ஒரு கங்குமலையையே எரிய வைத்திருந்தான். அதன் வெளிச்சத்தில் ராஜாவின் தங்கக் கூரை பகலிலும் தகதகத்தது. ராஜாவுக்குப் பரம திருப்தி.

முதல் வருஷம் மழை பிந்தியது. இரண்டாம் வருஷம் கிணறு வற்றியது. மூன்றாம் வருஷம் கார்த்திகை மாதத்தில் பங்குனி வெயில் அடித்தது.

பால்காரர் சங்கிலி முதலில் போய் முறையிட்டார். மந்திரவாதி ஒரு குடை கொடுத்தான். குடைக்குக் கீழே சிலுசிலுவென்று இருந்தது. ஆனால் பக்கத்தில் நடந்தவர்கள் அடுப்பங்கரையில் நிற்பதுபோல் விலகி ஓடினார்கள். உள்ளே குளிர், வெளியே கொதி. அவன் கொடுத்தான், இவர் வாங்கினார், ஊர் இன்னும் ஒரு சுற்று சூடானது.

பூக்காரி தங்கப்பொண்ணு அடுத்துப் போனாள். தொடுப்பதற்குள் மல்லிகை மொட்டெல்லாம் மலர்ந்து வாடினால் அவள் எதை விற்பாள்? அவளுக்கு ஒரு கூடை கிடைத்தது. கூடைக்குள் மொட்டு மொட்டாகவே இருந்தது. கூடையில் உரசிய ஆட்டுக்குட்டியின் ரோமம் பொசுங்கியது. உள்ளே குளிர், வெளியே கொதி. அவன் கொடுத்தான், இவள் வாங்கினாள், ஊர் இன்னும் ஒரு சுற்று சூடானது.

மூன்றாவதாகப் போனவள் இட்லிக்கடை வேலாயி. அவளுக்கு எட்டு மாதக் குழந்தை ஒன்று, பெயர் செவந்தி. உடம்பெல்லாம் வேர்க்குருவோடு நாள் முழுக்க வீறிட்டு அழும். அழுத வரைக்கும் வேலாயி பயப்படவில்லை. அன்றைக்குக் காலையில் குழந்தை அழுவதை நிறுத்திவிட்டது. பாலும் குடிக்கவில்லை. வைத்தியர் தொட்டுப் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து குளிர்ச்சிதான், அது என் பெட்டியில் இல்லையே என்று தலையைக் குனிந்துகொண்டார்.

வேலாயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே மந்திரவாதியின் வாசலில் போய் நின்றாள். அவன் ஒரு தொட்டிலைக் கொண்டுவந்து வைத்தான். செவந்தியை அதில் கிடத்தினாள். முகம் தெளிந்து, குழந்தை பெருமூச்சு விட்டுத் தூங்கியது. வேலாயிக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிடத்தான் போனாள். அதற்குள் கை தொட்டிலின் பின்பக்கம் பட்டு, சுரீரென்று சுட்டது.

"இதோட பின்பக்கம் யார் பிள்ளை படுக்கிறது?" என்று கேட்டாள்.

"அது உனக்கு எதுக்கு, தாயே? உன் பிள்ளை குளிர்ந்தா போதாதா? சூடு சூடுன்னு புலம்புறீங்களே, எல்லாம் உங்க வீட்டு அடுப்பால வந்த சூடுதானே?"

"எங்க சட்டியில இருக்கிறது ஒரு கைப்பிடி. உங்ககிட்ட எரியறது ஒரு மலை. இட்லி சுடறவளுக்குச் சின்னது பெருசு தெரியாதா, ஐயா?"

தூங்கும் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்கினாள். குழந்தை முனகியது. அந்த முனகலைக் கேட்டுக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தாளே, அதுதான் அவள் வாழ்நாளில் நடந்த நீண்ட வழி.

வீட்டில் வேறு கூத்து. காலையில் அரைத்துவைத்த மாவு உச்சிப்பொழுதுக்குள் புளித்துப் பொங்கி, பானையை விட்டு வழிந்து, கங்குச் சட்டியை மூடிக் கிடந்தது. வேகாமல் விடுமா? கெட்டியாக ஏடு கட்டியிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே வேலாயி அந்த ஏட்டைப் பெயர்த்தாள். உள்ளே கங்கு இல்லை, கரிதான் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. தண்ணீர் ஆவியாகப் போகும், மாவு போகவில்லை. மூச்சுவிட இடம் கொடுக்காமல் அப்பிக்கொண்டு, அணையாக் கங்கை அணைத்துவிட்டது.

தெருப் பெண்களையெல்லாம் கூப்பிட்டாள். சட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள். அப்புறம் விறகுக்கு எங்கே போவது, தோள் என்னாகும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"இந்த மூணு வருஷத்துல தோளைக் கழற்றியா வச்சிட்டோம்?" என்றாள் வேலாயி.

தங்கப்பொண்ணுக்கு வேறு கவலை. "அடுத்த வீட்டுச் சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லையே, அக்கா. ஒரு வாய் எதையாவது போட்டுத்தானே கொடுப்போம்?"

"போட்டுத்தான் கொடுக்கப்போறோம்டி. வீட்டுக்கு ஒரு பானை மாவு. நல்லாப் புளிச்சதா."

மறுநாள் காலையில் ஐநூறு பெண்கள் தலையில் பானையும் கையில் சட்டியுமாகக் கிளம்பினார்கள். சங்கிலி குடையை மடக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தங்கப்பொண்ணு கூடையைத் தூக்கிவந்தாள். நுரைத்த மாவு பானைக்குப் பானை தளும்பியது.

கங்குமாயனால் மறுக்க முடியவில்லை. சத்தியம் ஆயிற்றே. சட்டியை வாங்கினான், மாவை வாங்கினான். பத்து வாங்கினான், ஐம்பது வாங்கினான். முற்றம் நிறைந்தது, திண்டாடினான். புளித்த வாடை மூக்கைத் துளைக்க, "மாவை அந்தப் பக்கம் எங்கேயாவது கொட்டித் தொலைங்க" என்று கையை வீசினான்.

அந்தப் பக்கம் இருந்தது கங்குமலை.

கொட்டினார்கள். அந்தப் புளித்த மாவு சீறியது, உப்பியது, படர்ந்தது, ஏடு கட்டியது. அடிவாரம் வெளுத்தது, இடுப்பு வெளுத்தது, உச்சியில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு மிச்சம். மந்திரவாதி அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். வேலாயி தன் சட்டியையும் கடைசிப் பானையையும் சேர்த்து நீட்டினாள்.

"வேண்டாம். எதையும் வாங்க மாட்டேன்" என்று அலறினான்.

சொன்ன வாய் மூடவில்லை, மந்திரம் போய்விட்டது. குடை வெறும் ஓலையானது, கூடை வெறும் பிரம்பானது. மந்திரவாதி கரி பூசிய சின்ன மனிதனாகி, கூட்டத்துக்குள் புகுந்து ஓடினான். வேலாயி உச்சிக்கு ஏறி மிச்சப் பொட்டையும் மூடினாள். மலை பெரிய இட்லி மாதிரி உட்கார்ந்திருந்தது.

மூன்று வருஷம் ஏறிய சூடு ஒரே நாளில் இறங்குமா? இறங்கவில்லைதான். ஆனாலும் அன்று சாயங்காலம் மேல்காற்று ஒரு வீச்சு வீசியது. செவந்தி கண்ணைத் திறந்தாள், பால் குடித்தாள், அம்மாவின் மூக்கைப் பிடித்து இழுத்தாள். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது.

கூரை மங்கிப்போன ராஜாவும் பல்லக்கில் வந்து இறங்கினார். யானை தருகிறேன், ஐந்து ஊர் தருகிறேன் என்று வேலாயியிடம் சொன்னார். சொல்லிவிட்டு, கங்குமாயன் தோண்டிய குழிக்குள் இன்னும் நிறையக் கரி இருக்கிறதாமே, அரண்மனைக்கு மட்டும் கொஞ்சம் எடுத்தால் என்ன என்று மெல்ல இழுத்தார்.

வேலாயி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கீழே கிடந்த மண் அள்ளும் கூடையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"யானை வேண்டாம், மகாராசா. மேல்துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, முதல் கூடை மண்ணை நீங்களே சுமந்து வந்து அந்தக் குழியில கொட்டுங்க."