பழைய மழை

"தண்ணி வரும்டா. நாமதான்…"

தயாபரனின் பெரியப்பா அப்படித்தான் ஆரம்பித்தார். அவர்கள் தெருவில் போர்வெல் போட்ட நாள் அது. எவ்வளவோ அடி இறங்கிய பிறகும் வெறும் தூசிதான் வந்துகொண்டிருந்தது. கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலையத் தொடங்கியதும், பெரியப்பா ஒரு கல்லின் மேல் ஏறி நின்று ஏதோ பேசினார். கம்ப்ரசர் போட்ட இரைச்சலில் பாதிதான் கேட்டது. 'நாமதான்' என்பதற்குப் பிறகு அவருடைய வாய் அசைந்ததை மட்டும் தயாபரன் பார்த்தான். அப்போது கேட்கத் தோன்றவில்லை. கேட்கத் தோன்றிய வயதில் பெரியப்பா இல்லை.

நாற்பத்து நான்கு வயதில், சித்திரை வெயிலில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பாதி வாக்கியம் அவனுக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

அவன் தனியார் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியர். சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தான். நிலத்துக்கு அடியில் கிடக்கும் நீரின் வயதைக் கண்டுபிடிப்பது அவனுடைய ஆய்வு. விடுப்பு வரும் ஜூனில் முடிகிறது. ஆய்வைத் தொடர வேண்டுமானால் ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகை கிடைக்க வேண்டும். விண்ணப்பித்திருந்தான். நேர்முகமும் முடிந்துவிட்டது. அதற்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. இந்த முறை தவறினால் அடுத்த முறை என்று ஒன்று கிடையாது.

நேர்முகத்தில் ஒருவர், இந்த வயதில் எதற்கு இதெல்லாம் என்று கேட்டார். தான் சொன்ன பதில் தயாபரனுக்கு மறந்துவிட்டது. கேட்டவர் தலையாட்டியது மட்டும் மறக்கவில்லை. அந்தத் தலையாட்டலை அவன் தன் ஆய்வைவிடக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அறக்கட்டளையின் இணையப் பக்கத்தில் 'முடிவுகள் விரைவில்' என்று போட்டிருந்தார்கள். அவன் அதைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தான். பக்கத்து மேசையில் இருந்த நாகர்கோவில் பெண் ஷெரின், தயாபரன் அண்ணன் பண்ணுகிற தொல்லையில் அந்தப் பக்கமே அலுத்துப்போய் என்றைக்காவது வாயைத் திறந்து சொல்லிவிடும் என்றாள்.

பள்ளித் தாளாளர் இரண்டு முறை பேசிவிட்டார். பத்தாம் வகுப்புக்கு ஆள் வேண்டும், வருகிறீர்களா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார் என்று கெஞ்சலும் மிரட்டலுமாகக் கேட்டார். தயாபரன் சில நாள் அவகாசம் வாங்கியிருந்தான். வீட்டிலும் அதையே சொன்னான். முடிவு வரட்டும், பார்க்கலாம்.

அவன் மனைவி பூங்கோதை மருந்தாளுநர். மாத்திரைப் பட்டைகளை அடுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்:

"கிடைச்சா நல்லது. கிடைக்கலன்னாலும் என் சம்பளத்துல அடுப்பு எரியும், நீங்க சாயங்காலம் டியூஷன் எடுத்தா மத்ததும் ஓடும். எனக்கு அது கவலையில்ல. நீங்க என்ன பண்ணப்போறீங்கன்னு முடிவு வர்றதுக்கு முன்னாடி சொல்லுங்க. வந்த பிறகு சொன்னா, அது நீங்க சொன்னதா இருக்காது."

அவனால் அன்று சொல்ல முடியவில்லை.

அவனுடைய நெறியாளர் பேராசிரியர் வேதவல்லி. அவனைவிட மூன்று வயது இளையவர். சேர்ந்த அன்றைக்கு யாரை யார் எப்படிக் கூப்பிடுவது என்று இருவருமே தடுமாறினார்கள். கடைசியில் அவர்தான் தீர்த்துவைத்தார். நீங்கள் மேடம் என்று கூப்பிடுங்கள், நான் வாத்தியாரே என்று கூப்பிடுகிறேன், யாருக்கும் நஷ்டமில்லை என்றார்.

பேச்சு குறைவான மனிதர். கேள்வி கேட்டால் பெரும்பாலும் ஒரு வேலை கொடுப்பார்.

அன்று மாலை தயாபரன் அவருடைய அறை வாசலில் நின்றான்.

"மேடம், முடிவு வர்ற வரைக்கும் எப்படிக் காத்திருக்கறது?"

வேதவல்லி ஒரு குப்பியின் கழுத்தில் நாடா சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"காலைல ஜீப் வருது. பீப்பாயை ஏத்திடுங்க."

*

கடலூருக்கு மேற்கே, பிரதான சாலையை விட்டு உள்ளே போகும் ஒரு சிற்றூர். கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில் ஓர் இரும்புக் குழாய் நிலத்திலிருந்து நெஞ்சு உயரத்துக்கு நின்றது. மோட்டார் இல்லை. மின்கம்பி இல்லை. குழாயின் வாயிலிருந்து நீர் தானாகப் பொங்கி, வளைந்து, தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த யாரும் அடைப்பான் பூட்டவில்லை. கீழே இருக்கும் அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

நிலத்துக்காரர் அஞ்சலாட்சி தொட்டியோரம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சிரித்தார்.

"மூணு வருசமா வந்து புடிச்சிக்கிட்டுப் போறீங்க. அதுக்கு வயசு பார்த்து என்ன, கல்யாணமா பண்ணி வெக்கப்போறீங்க?"

மாப்பிள்ளை கிடைக்கவில்லை, கிடைத்ததும் பத்திரிகை வைக்கிறோம் என்றார் வேதவல்லி.

நீல நிறப் பீப்பாயைக் குழாயோடு இணைத்தார்கள். காற்றுப் படாமல் நிரப்ப வேண்டும். மழை மண்ணில் இறங்கும்போது அந்தக் காலத்துக் காற்றில் கொஞ்சத்தைத் தன்னுள் கரைத்துக்கொண்டுதான் இறங்கும். அதை வைத்துத்தான் வயதைச் சொல்ல முடியும். இரண்டு ரசாயனங்களைக் கலந்ததும், கண்ணாடிபோல் இருந்த நீர் பாலாக வெளுத்தது. அந்த வெண்மை மெல்ல மெல்ல அடியில் படியும். படிந்ததை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

வேதவல்லி மூடியைக் கவ்விகளால் இறுக்கினார்.

"மத்தியானம் ஆகும். மூடி மூடியே இருக்கட்டும். நான் அந்தப் பக்கத்துக் கிணத்தைப் பார்த்துட்டு வந்துடறேன்."

ஜீப் போய்விட்டது. தயாபரன் புங்க மர நிழலில், பீப்பாயின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கைப்பேசியை எடுத்தான். சிக்னல் இல்லை. வரப்பில் ஏறினால் ஒரு கோடு வந்தது, இறங்கினால் போனது. ஏறினான். பக்கம் திறக்கவில்லை. இறங்கினான். மறுபடி ஏறினான். நாற்று நடவுக்கு வந்த பெண்கள் இந்த சார் எதற்கு வரப்பில் ஏறி ஏறி இறங்குகிறார் என்று தங்களுக்குள் பேசிச் சிரித்தார்கள். வெட்கப்பட்டுக் கைப்பேசியைப் பையில் போட்டான்.

கை சும்மா இருக்கவில்லை. பீப்பாய் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது. ஒரு தடவை பார்த்தால் என்ன என்று நினைத்தான். கையுறை மாட்டி, கவ்வியைத் தளர்த்தி, மூடியைத் திறந்து பார்த்தான். மூடினான். சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தான்.

உச்சிப்பொழுதில் வேதவல்லி திரும்பி வந்தார். மூடியின் விளிம்பில் கையுறையின் வெள்ளைத் தடங்கள் இருந்தன. அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"திறந்தீங்களா வாத்தியாரே?"

"ஆமா மேடம்."

"ஒரு தடவையா?"

அவன் இரண்டு விரலைக் காட்டினான்.

"எதுக்கு?"

"படிஞ்சிருச்சான்னு பார்க்க."

"பார்த்தா சீக்கிரம் படியுமா?"

 பத்தாம் வகுப்பில் சோதனைக் குழாயை ஆட்டாதே என்று எத்தனை பிள்ளைகளை அதட்டியிருப்பான்.

அவர் கோபப்படவில்லை. ஒவ்வொரு தடவை திறந்தபோதும் இன்று காலையின் காற்று உள்ளே போய் அந்தப் பழைய காற்றோடு கலந்துவிட்டது என்றார். இதை அனுப்பினால் இது நம் தாத்தா காலத்து மழை என்று பதில் வரும். அது பொய் சொல்லவில்லை, நாம் உள்ளே விட்டதைத்தான் சொல்லும்.

"கேன்ல ஊத்துங்க. வயல்ல ஒரு சொட்டு சிந்தக் கூடாது, விஷம். லேபுக்குத் திரும்பக் கொண்டுபோகணும். மறுபடி ஆரம்பிப்போம்."

ஊற்றினார்கள். பீப்பாயைக் கழுவினார்கள். மறுபடி இணைத்து, மறுபடி நிரப்பி, மறுபடி வெளுக்க வைத்தார்கள். மூடியை இந்த முறை தயாபரனே இறுக்கினான். படிவதற்குச் சாயங்காலம் ஆகிவிடும்.

கையுறையைக் கழற்றிக் கை கழுவியதும் வேதவல்லி குழாயின் பக்கம் போனார்.

"வாங்க. குடிங்க."

தயாபரன் இரண்டு கையையும் குவித்து ஏந்தினான். நீர் இளஞ்சூடாக இருந்தது. லேசாக இரும்பு வாசனை. மூன்று வருடமாக இந்தக் குழாயிலிருந்து அவன் குப்பிகள் நிரப்பியிருக்கிறான். ஒரு வாய் குடித்ததில்லை.

"இது என்னைக்கு விழுந்ததுன்னு சொல்லுங்க."

அவனுக்குத் தெரியும். போன வருட அறிக்கையைத் தட்டச்சு செய்ததே அவன்தான்.

"இருபதாயிரம் வருஷத்துக்கும் மேல."

"அப்ப இங்க என்ன இருந்தது?"

அவன் கிழக்கே பார்த்தான். கடல் அந்தப் பக்கம்தான். உலகத்தின் நீரில் எவ்வளவோ வடக்கிலும் தெற்கிலும் பனியாக உறைந்து கிடந்த காலம். கடல் இன்னும் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. இன்றைக்குப் படகுகள் நிற்கிற இடம் அன்றைக்குக் காடாக இருந்திருக்கலாம்.

"கடல் இவ்வளவு பக்கத்துல இல்ல" என்றான்.

"வேற?"

"நெல் இல்ல. ஊர் இல்ல."

"வேற?"

அவன் யோசித்தான். அஞ்சலாட்சி பாத்திரம் விளக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.  உள்ளங்கையில் மிச்சமிருந்த நீரில் வானம் சின்னதாகத் தெரிந்தது.

"இதைப் பார்த்து மழைன்னு சொல்றதுக்கு" என்றான் மெதுவாக, "அந்தச் சொல்லே இல்ல மேடம்."

சொன்ன பிறகுதான் அது அவனுக்கே உறைத்தது.  பெயரில்லாமல் பெய்த ஒன்று, இத்தனை காலம் கழித்து, இந்தச் சித்திரை வெயிலில் அவனுடைய தொண்டைக்குள் இறங்கியிருக்கிறது. கையில் இருந்ததைக் கீழே விட அவனுக்கு மனம் வரவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அஞ்சலாட்சி விளக்கி வைத்த செம்பை எடுத்துப் பார்த்தார். பிறகு அதைக் குழாயில் பிடித்து நிரப்பி, குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அம்மாடி. இத்தன நாளா இதுலதான் மாட்டக் கழுவிக்கிட்டு இருந்தேன்."

மாட்டுக்கு மட்டும் தாகம் இல்லையா என்றார் வேதவல்லி. அஞ்சலாட்சி சிரிக்கவில்லை.

வரப்போரம் மூவரும் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். தயாபரன் பெரியப்பாவின் பாதி வாக்கியத்தைச் சொன்னான். கம்ப்ரசர் இரைச்சலையும், கேட்காமல் விட்டதையும் சொன்னான். பாதியைக் கேட்டதற்கே இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள் என்றார் வேதவல்லி.

சாப்பிட்ட பிறகும் தயாபரன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கலாமா என்று தயங்கி, கேட்டான்.

"மேடம், இருபதாயிரம் வருஷம். அந்த இருட்டுக்குள்ள. எதுக்காக இது இப்படிக் காத்துக்கிட்டிருந்தது?"

வேதவல்லி எழுந்து கை கழுவினார். மேற்கே, கரும்புத் தோகைகளுக்கு அப்பால், தொடுவானில் சிவப்பாக ஒரு மேட்டு நிலம் தெரிந்தது.

"அந்த செம்மண் மேடு தெரியுதா? அங்கதான் விழுந்தது. பஸ்ஸுல போனா ஒரு மணி நேரம்."

"தெரியும் மேடம்."

"மணலுக்கும் மணலுக்கும் நடுவுல, வருஷத்துக்கு ஒரு எட்டு வெச்சு." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "காத்துக்கிட்டிருந்ததுன்னு யாரு சொன்னா வாத்தியாரே? வந்துக்கிட்டிருந்தது."

தயாபரன் செம்மண் மேட்டிலிருந்து குழாய் வரைக்கும் கண்ணால் அளந்தான்.

வெயில் தாழ்ந்தது. வர நேரமாகும் என்று பூங்கோதையிடம் சொல்வதற்காக அவன் வரப்பில் ஏறினான். ஒரு கோடு வந்தது. கையில் கைப்பேசி அதிர்ந்தது. ஷெரின் அனுப்பியிருந்தாள்.

'அண்ணே, லிஸ்ட் வந்தாச்சு. நான் பாக்கல. நீங்களே பாருங்க.' கீழே இணைப்பு இருந்தது.

நாற்று நட்ட பெண்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள். கீழே புங்க மரத்தடியில் பீப்பாய் மூடியபடி நின்றது. அதனுள் அந்த வெண்மை படிந்துகொண்டிருந்தது.

தயாபரன் இணைப்பைத் தொடவில்லை. பள்ளித் தாளாளருக்கு எழுதினான்:

'ஐயா, ஜூனில் நான் வரவில்லை. பத்தாம் வகுப்புக்கு வேறு ஆசிரியரைப் போட்டுக்கொள்ளுங்கள்.'

அதையே பூங்கோதைக்கும் அனுப்பினான்.