இடது கால்

“சாமி, என் காலுக்கு ஒரு கைத் தண்ணி. அந்தக் குடிகாரனுக்கு மட்டும் ஒரு செம்பு முழுசுமா?”

பெரிய வியாழன் பூசை முடிந்து கோயில் காலியாகியிருந்தது. பாதம் கழுவும் சடங்குக்காகப் பன்னிருவர் அமர்ந்த பலகையை விட்டு உபதேசியார் தஸ்நேவிஸ் இன்னும் எழவில்லை. பங்குச் சாமியார் சவரிராயர் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். அவரிடம் மறைக்கல்வி பயின்று உபதேசியார் ஆனவர் தஸ்நேவிஸ். ஆகவே, கேட்க உரிமை உண்டென்று எண்ணினார்.

“உம்ம கால்ல கழுவ என்ன இருந்துச்சு?”

“ஒண்ணும் இருக்காது. சோப்புப் போட்டு, குதிங்காலைக் கல்லுல தேச்சு, நகம் வெட்டிட்டுல்லா வந்தேன். இப்படிப்பட்ட நாள்ல அழுக்கோட வரலாமா?”

“இஞ்ஞாசி வந்தானே.”

“அவன் எங்க வந்தான்? ஓர் ஆள் குறையுதுன்னு வாசல்ல நின்னவனை நீங்கதான் கூப்பிட்டு உக்கார வச்சீங்க. காலெல்லாம் சேறும் மீன் செதிலும். ஊரே சிரிச்சுது.”

“ஊரு சிரிச்சுதா, நீரு கூசினீரா?”

இஞ்ஞாசி தஸ்நேவிஸின் உடன்பிறந்த தம்பி.

சாமியார் தரையில் அமர்ந்தார்.

“இடது காலை நீட்டும்.”

“வலது கால்தானே, சாமி, வழக்கம்?”

“வழக்கம் எனக்கும் தெரியும்.”

தஸ்நேவிஸ் வேட்டியை இழுத்து இடது காலை மூடினார். அதன் பெருவிரல் வீங்கிக் கறுத்திருந்தது. முந்தைய நாள், குடித்துவிட்டுச் சோறு கேட்டு வந்த தம்பியை அவர் வாசலில் வைத்து உதைத்திருந்தார். உதையில் பாதி தம்பியின் மேல் விழுந்தது, மீதி நிலைப்படியில்.

“காதுல ஓதிட்டானாக்கும்? பூசையில உக்காந்தே கோள் மூட்டிட்டான், பாருங்க!”

“ஓதினான்.”

“உதைச்சேன்னு சொன்னானா?”

“அதை அவன் சொல்லல. இப்ப நீருதான் சொல்லுதீரு.”

தஸ்நேவிஸின் முகம் காது மடல்வரை சுட்டது.

“பின்னே... என்ன சொன்னான்?”

சாமியார் எழுந்து சென்று, கதவோரம் இருந்த பாத்திரத்தைத் தூக்கிவந்து அவர் முன் வைத்தார். ஆவி பறந்தது.

“‘அண்ணன் கல்லு தடுக்கி இடது காலு நொந்து நிக்காரு, சாமி. அந்தக் காலுக்குப் பச்சத்தண்ணி ஊத்திராதீங்க’ன்னான். இது அவன் அடுப்பூதிப் போட்ட வெந்நீர்.”