நாளுக்கு ஒரு சொம்பு

மாசிலாமணி தன் மனைவி புனிதவதியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது மூன்றாவது ஆஸ்பத்திரியின் வாசலில். நான்காவது ஆஸ்பத்திரிக்குப் போக ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"திரும்பவுமாங்க?" என்றாள்.

"அங்க மெஷின் எல்லாம் புதுசாம் புனிதா."

"இங்கயே இருந்துடறேனே."

"சும்மா இரு. ஒரு மணி நேரந்தான்."

கதவைச் சாத்தினார்கள். அவர் பின்னால் ஆட்டோவில் போனார். மேம்பாலத்தில் நெரிசல். போய்ச் சேர்ந்தபோது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

வீட்டில் அவள் விட்டுப் போனது ஒன்றரை அடி நீளத்தில் ஒரு மீன்தொட்டி. முப்பது லிட்டர் பிடிக்கும். அதில் பதினொரு கப்பி மீன்கள்.

மூன்று மாதத்தில் பத்து செத்துப்போயின.

பதினொன்றாவது மீனுக்காகத்தான் அவர் கொளத்தூருக்குப் பஸ் ஏறினார்.

கொளத்தூரில் சகாயமேரி என்றொருத்தி வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் தொட்டி கட்டி மீன் வளர்த்துக் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். அவளை யாரும் குரு என்று சொன்னதில்லை. சொன்னால் சிரித்திருப்பாள்.

மாசிலாமணி போனபோது முழங்கை வரைக்கும் பாசியோடு நின்றாள்.

"அம்மா, என் சம்சாரம் விட்டுட்டுப் போன மீனு. தண்ணி சரியா வர மாட்டேங்குது."

"எது சார் சரி?"

"ஏழு."

"எதுல ஏழு?"

"பிஹெச்சுல. புளிப்பும் இல்லாம காரமும் இல்லாம நடுவுல நிக்கணும். ஏழு."

"ஏழு வேணும்னு யார் கேட்டது? மீனா?"

அவருக்குக் கோபம் வந்தது. முப்பத்தொரு வருஷம் கடை கடையாகப் போய் எடைக்கல்லைச் சோதித்து அரசாங்க முத்திரை குத்தியவர். குறைந்த கல்லில் ஈயம் சேர்க்கச் சொல்வார். கூடின கல்லை ராவச் சொல்வார். அவர் கையில் சரிக்கு வராத கல் கிடையாது.

"எல்லாத்துக்கும் ஒரு சரியான அளவு இருக்கும்மா" என்றார்.

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சோதனைச் சொட்டுக் குப்பி. கண்ணாடிக் குழாய். நிறம் பார்க்கிற அட்டை. ஒரு நோட்டு.

சகாயமேரி கையைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்தாள்.

"காலை ஆறு புள்ளி ரெண்டு. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை. மத்தியானம் ஏழு புள்ளி எட்டு. எலுமிச்சை நாலு சொட்டு. சாயங்காலம் ஆறு புள்ளி நாலு. மறுபடி ஆப்ப சோடா." அவள் நிமிர்ந்தாள். "சார், நீங்க மீன் வளக்கலை. ஊறுகாய் போட்டிருக்கீங்க."

அவர் நோட்டை வாங்கி மூடினார்.

"என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"கேன் தண்ணி. நல்ல தண்ணிம்மா. நான் குடிக்கறதே அதான்."

"உங்க வீட்டம்மா இருந்தப்ப?"

"போர் தண்ணி. வாயில வைக்க முடியாது. அதுல பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குழாய் மூக்கெல்லாம் வெள்ளையாப் பொரிஞ்சு கிடக்கும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அதுல ஒரு சொம்பு எடுத்து ஊத்துவா. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிஞ்சது. சரி, அவ போன பிறகாவது மீனுங்களுக்கு நல்லது செய்யலாம்னு…"

"கண்ணாடியில வெள்ளையா ஒரு கோடு இருந்திருக்குமே? தண்ணி மட்டத்துல?"

"இருந்துச்சு. உப்புக் கறை. காரியத்துக்கு வர்றவங்க பாப்பாங்களேன்னு வினிகர் போட்டுத் தேச்சு எடுத்துட்டேன். அன்னிக்கே தண்ணி முழுக்கக் கொட்டிட்டு கேன் தண்ணி நிரப்பினேன்."

"எத்தனை போச்சு?"

"அந்த வாரத்துல நாலு. இப்ப ஒண்ணுதான் மிச்சம்."

சகாயமேரி உள்ளே போய் இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள். ஒன்றில் கேன் தண்ணீர்.

"குடிங்க."

குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

மற்றதை மோட்டார்க் குழாயில் பிடித்துக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் வைத்தார். விழுங்க முடியவில்லை. திரும்பித் துப்பினார்.

"அந்த மீனு இந்த மாதிரி தண்ணியிலதான் பொறந்துச்சு" என்றாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்க நல்ல தண்ணியில பிடிமானம் கிடையாது சார். இதுல சுண்ணாம்பு இருக்கு. எதைப் போட்டாலும் லேசுல ஆடாது. அதுல ஒண்ணுமே இல்ல. ஒரு சிட்டிகைக்கு இந்தப் பக்கம் சாயும், நாலு சொட்டுக்கு அந்தப் பக்கம் சாயும்."

"அப்ப ஆறுதான் கொன்னுச்சா? எட்டா?"

"ஆறுல வாழ்ற மீனும் இருக்கு, எட்டுல வாழ்றதும் இருக்கு. காலையில ஆறு, மத்தியானம் எட்டுன்னா எது சார் வாழும்?"

மாசிலாமணி எழுந்தார். நோட்டையும் அட்டையையும் பைக்குள் திணித்தார்.

"இப்பவே போறேம்மா. எல்லாத்தையும் கொட்டிட்டு போர் தண்ணி நிரப்பிடறேன். ஒரு மணி நேரந்தான்."

"திரும்பவுமா?" என்றாள் சகாயமேரி.

அவர் நின்றார்.

பிறகு சிமென்ட் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஒரு சொம்பு எடுங்க, ஒரு சொம்பு போர் தண்ணி ஊத்துங்க. மறுநாள் ஒரு சொம்பு. அவ்வளவுதான். சோடா வேணாம், எலுமிச்சை வேணாம்."

குப்பியையும் குழாயையும் எடுத்து மோட்டார் சுவிட்சுக்கு மேலே பலகையில் வைத்தாள்.

"இது இங்க இருக்கட்டும்."

"அது இல்லாம எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"பொழைச்சிடுமா?"

"எனக்கும் தெரியாது சார். ரொம்ப ஆடிப்போயிருக்கு."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"பக்கத்துல உக்காருங்க."

வீட்டுக்கு வந்ததும் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பதினொன்றாவது மீன் பெட்டை. சாம்பல் உடம்பு, வாலில் மட்டும் மஞ்சள். புனிதவதி அதை மஞ்சா என்பாள். தொட்டிக்குள் அவள் போட்டுவைத்த உடைந்த பூந்தொட்டி ஓடு ஒன்று கிடந்தது. மஞ்சா அதன் நிழலில் நின்றது.

தினம் காலையில் ஒரு சொம்பு எடுத்தார். ஒரு சொம்பு ஊற்றினார். பிறகு அவருக்கு வேலை இல்லை.

ஆறாம் நாள் மீன் துடுப்புகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டது. அவர் சமையலறைக்குப் போய் ஆப்ப சோடா டப்பாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். கடைசியில் கழுவுதொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டார்.

பத்தாம் நாள் மீன் நாலு வாய் தின்றது. அவர் அன்று இரண்டு வேளை சாப்பிட்டார்.

பதினேழாம் நாள் மீன் ஒன்றும் தின்னவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

பக்கத்து பிளாக் ரங்கபாஷ்யம் வந்தார். ஏழு என்ற எண்ணை முதலில் சொன்னவர் அவர்தான்.

"என்ன ஓய், பாத்துண்டே உக்காந்திருக்கீர்? என் மச்சினன் வீட்ல பெரிய தொட்டி இருக்கு. ஃபில்டர், ஹீட்டர், எல்லாம் வெளிநாட்டுச் சாமான். ஒரு கவர்ல போட்டுக் கொடும். கார்லயே கொண்டுபோயிடறேன்."

"அங்க போனா பொழைக்குமா?"

"இங்க இருந்தா செத்துடும். அது நிச்சயம். முயற்சி கூடப் பண்ணலேன்னா எப்படி ஓய்?"

மாசிலாமணி பாலித்தீன் கவரில் தண்ணீர் பிடித்தார். வலையை எடுத்தார். தண்ணீருக்குள் விட்டார்.

மஞ்சா நிமிர முயன்றது. முடியவில்லை. சாய்ந்தபடியே பின்னால் நகர்ந்து ஓட்டுக்கு அடியில் ஒதுங்கிக்கொண்டது.

வலை தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

"எடும் ஓய். கார் கீழே வழியை மறிச்சுண்டு நிக்கிறது."

மாசிலாமணி வலையை வெளியே எடுத்தார். நீர் சொட்டச் சொட்ட ஆணியில் மாட்டினார்.

"கல்நெஞ்சய்யா உமக்கு" என்று சொல்லிவிட்டு ரங்கபாஷ்யம் போய்விட்டார்.

மாசிலாமணி நாற்காலியை இன்னும் ஒரு முழம் தொட்டிக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அந்தப் பகல் முழுக்க அவருக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. இது சரியா? அளந்து சொல்ல அவரிடம் எதுவும் இல்லை.

இருபத்துநான்காம் நாள் கொளத்தூருக்குப் போனார். கையில் பை இல்லை.

சகாயமேரி தொட்டிக்குள் குனிந்து குஞ்சுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்னபடிதாம்மா செஞ்சேன். ஒரு சொம்பு கூடலை, ஒரு சொம்பு குறையலை. போயிடுச்சு."

"எப்ப?"

"நேத்து மத்தியானம்."

"எங்க?"

"ஓட்டுக்கிட்டதான்."

"துடிச்சுதா?"

மற்ற பத்தும் துடித்தன. மேலே வந்து வாயைப் பிளந்தன. கண்ணாடியில் முட்டின. ஒன்று துள்ளித் தரையில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் கையில் குப்பியோ சோடாவோ எலுமிச்சையோ இருந்தது.

"இல்லை" என்றார். "செவுள் மெதுவா ஆடிச்சு. அப்புறம் இன்னும் மெதுவா. எப்ப நின்னுச்சுன்னு எனக்கே தெரியலை. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

சகாயமேரி நிமிர்ந்தாள். பலகையிலிருந்து குப்பியையும் குழாயையும் எடுத்து நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"ரெண்டு ஜோடி தரட்டுமா சார்? எல்லாம் போர் தண்ணிக் குஞ்சுங்கதான்."

தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

தொட்டியிலிருந்த குஞ்சுகளைக் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்:

"அவ கேட்டாம்மா. இங்கயே இருந்துடறேனேன்னு கேட்டா."

யார் என்று சகாயமேரி கேட்கவில்லை. மோட்டாரை நிறுத்தினாள்.

தொட்டி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் முக்கால் அளவுக்கு நிற்கிறது. கண்ணாடியில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே, வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருக்கிறது.